காட்டுப்பூ பார்க்கப் போனது: முன்னால் ஐம்பத்தாறு மைல், பின்னால் எழுபது கஜம்

ஏப்ரல் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கென்ட் பக்கத்துக் கிராமச் சாலைகளில் காட்டுப்பூ பார்க்கப் போனோம். அதிகம் இறங்காமல், கார் ஜன்னல் வழியாகவே. லண்டனில் இருந்துகொண்டு இதே மாதிரி போக நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். பூவைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்டால், மல்லிகை, கனகாம்பரம், ரோஜா. அதற்கு மேல் எல்லாமே எனக்கு மஞ்சள் பூ, வெள்ளைப் பூ தான். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் விட்டுவிட்டோம். எனவே தாவரவியல் எதிர்பார்த்து வந்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். அடுத்த நிறுத்தம் கொஞ்சம் தூரம்.

நிறுத்தம் என்று தானாக வாயில் வருகிறது. நான் தெற்கு லண்டனில் பஸ் ஓட்டுகிறேன். காரைக்காலில் பிறந்து, பாரிஸில் ஒன்பது வருடம் ஒரு ஓட்டல் சமையலறையில் பாத்திரங்களோடு மல்லுக்கட்டி, ஆறு வருடத்துக்கு முன் குடும்பத்தோடு நோர்பரிக்கு வந்து சேர்ந்தவன். வாரத்தில் ஐந்து நாள் பஸ் ஓட்டுகிறவன் ஓய்வு நாளில் பூ பார்க்க கார் எடுத்துக்கொண்டு போவானா? போகமாட்டான். போனது என் மனைவி செல்விக்காக.

செல்வி தார்ன்டன் ஹீத்தில் ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறாள். நாள் முழுக்க நின்றபடி ஆவியில் வேகிற வேலை. போன குளிர்காலத்தில் அவளுக்கு வேறொரு வேலை வாய்த்தது. வீடு வீடாகப் போய் வயதானவர்களுக்குக் குளிக்க, சாப்பிட, மாத்திரை போட உதவுகிற வேலை. சம்பளம் நல்லது, பாதி நேரம் உட்கார்ந்திருக்கலாம். ஒரே நிபந்தனை, மே மாதம் பதினைந்தாம் தேதிக்குள் டிரைவிங் லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். செல்வி அதற்குள் இரண்டு முறை டெஸ்ட்டில் தோற்றிருந்தாள். இரண்டு முறையும் ஒரே இடத்தில், காரைப் பின்னால் எடுத்து இடதுபக்கத் தெருமுனையைச் சுற்றுகிற இடத்தில். மூன்றாவது டெஸ்ட் மே இரண்டாம் வாரம் வியாழக்கிழமை. "இதுலயும் போச்சுன்னா இஸ்திரிப் பெட்டியோடவே இருந்துடறேன். இனிமே யார்கிட்டயும் போய் மார்க் வாங்கறதா இல்ல" என்று சொல்லிவிட்டாள். அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். சாதாரணமாகச் சொன்னாள்.

அவளுக்கு கிராமச் சாலையில் கொஞ்சம் பழக்கம் வரட்டும், டெஸ்ட் என்ற நினைப்பும் மறக்கட்டும் என்றுதான் பூவை இழுத்தேன். எங்கள் மகள் மதிக்குப் பதினோரு வயது. அவள் நூலகத்திலிருந்து காட்டுப்பூப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து, நாங்கள் பார்க்கவேண்டிய பூக்கள் என்று பதினைந்து பெயரை ஒரு தாளில் எழுதி வைத்தாள். முன்னால் செல்வி ஸ்டீயரிங்கில், பக்கத்தில் மேற்பார்வைக்கு நான், பின்னால் மதி, புத்தகம், ஒரு டப்பா எலுமிச்சை சாதம்.

காலை எட்டு நாற்பதுக்குக் கிளம்பினோம். கார் 2001-ம் வருட நிசான் மைக்ரா. எல் போர்டைக் கட்டிக்கொண்டு மோட்டார்வேயில் போக முடியாது என்பதால் லண்டன் ரோடு வழியாக க்ராய்டன், பர்லி, அங்கிருந்து ஏ22 பிடித்து காட்ஸ்டோன். பதினான்கு மைலுக்கு ஐம்பத்தைந்து நிமிடம். ஞாயிறு காலை என்பதால் இவ்வளவு சீக்கிரம். மற்ற நாளில் க்ராய்டனிலேயே ஐம்பத்தைந்து நிமிடம் போய்விடும்.

பர்லி ரவுண்டபௌட்டில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூ குலுங்கியது. முதல் பூவை நான்தான் பார்த்தேன் என்று பெருமையாகக் கை நீட்டினேன்.

"அப்பா, அது டூலிப். கவுன்சில் ப்ளான்ட் பண்ணது" என்றாள் மதி. "வைல்ட் கிடையாது."

"பூதானேம்மா."

"கணக்குல வராது."

காட்ஸ்டோனில் ஏ25-ல் இடப்பக்கம், அதாவது கிழக்கே திரும்பி, ஆக்ஸ்டெட் தாண்டி லிம்ப்ஸ்ஃபீல்ட் வரை ஐந்து மைல். வழியில் ஒரு சரிவு முழுக்க மஞ்சள். கண் கூசுகிற மஞ்சள். காரை நிறுத்தச் சொல்லி இறங்கி பதினொரு போட்டோ எடுத்தேன். செல்வி ஜன்னலைக் கூட இறக்கவில்லை. "கடுகு மாதிரி இருக்கு. யாரோ வெதச்சிருக்காங்க" என்றாள். மதி புத்தகத்தைப் புரட்டிவிட்டு, எண்ணெய் எடுக்கப் போடுகிற பயிர் என்று உறுதி செய்தாள். இரண்டாவது முறையும் கணக்கில் வரவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்களும் அந்த மஞ்சளைப் பார்த்து கட்டாயம் ஏமாறுவீர்கள். ஒரு போட்டோ போதும்.

லிம்ப்ஸ்ஃபீல்டில் தெற்கே திரும்பி க்ரோக்கம் ஹில் பக்கம் போகும்போதுதான் உண்மையான பூ ஆரம்பித்தது. சாலை ஒடுங்கி, இரண்டு பக்கமும் தோள் உயரத்துக்கு மண்மேடு, அதன் மேல் வேலி. மேடெல்லாம் பூ. இங்கே ஒரு முக்கியமான விஷயம். கார் ஜன்னல் வழியாகப் பூ பார்ப்பதில் எல்லாமே வேகம்தான். நாற்பதில் போனால் பூ வெறும் நிறம். முப்பதில் மஞ்சளா வெள்ளையா என்று சண்டை போடலாம். இருபதுக்குக் கீழே வந்தால்தான் இதழ் தெரியும். எல் போர்டு இருந்தால் இருபதில் போவதற்கு யாரும் ஹாரன் அடிப்பதில்லை. புது டிரைவரோடு போவதில் இருக்கும் ஒரே லாபம் அது.

இன்னொன்று, இந்த நாட்டில் வண்டி இடப்பக்கம் போவதால் பூ எல்லாம் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குத்தான். டிரைவருக்கு தார் ரோடு மட்டும். ஐந்து வருடமாக இந்த ஊரில் வண்டி ஓட்டியும் ஒரு ப்ரிம்ரோஸைக்கூட நான் பார்த்ததில்லை என்பதற்கு அன்றைக்குத்தான் காரணம் புரிந்தது. வெளிர் மஞ்சளில், கொத்துக் கொத்தாக, மண்ணோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. நம் வீட்டு வெண்ணெய் நிறம். மதி தாளில் டிக் அடித்தாள். அப்புறம் இளஞ்சிவப்பில் கேம்பியன், வேலிக்குக் கீழே நிழலில் ப்ளூபெல். ஜன்னலை இறக்கினால் பூண்டு வாசம்.

"யாரோ ரசம் வக்கிறாங்க" என்றாள் செல்வி.

"அம்மா, அது வைல்ட் கார்லிக். அந்த வெள்ளைப் பூ."

"ரசம் வைக்கலாமா அதுல?"

"பூக்குள்ள சாப்பாட்டைக் கொண்டு வராதீங்கம்மா."

மேற்பார்வைக்கு உட்கார்ந்தவன் சாலையைப் பார்க்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நான் முக்கால்வாசி நேரம் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாய்ஸ் ஹில்லுக்குக் குறுக்கு வழி என்று நான் சொன்ன ஒரு சந்தில் செல்வி திரும்பினாள். மணி பத்தே முக்கால் இருக்கும். ஒரு கார் மட்டும் போகிற அகலம். கால் மைல் போனதும் வளைவில் எதிரே ஒரு லேண்ட் ரோவர். அதற்குப் பின்னால் குதிரை ஏற்றும் வண்டி மாட்டியிருந்தது. அதற்குப் பின்னால் இரண்டு கார்.

குதிரை வண்டியோடு அவர்கள் பின்னால் போக முடியாது. நாங்கள்தான் போக வேண்டும். வந்த வழியில் எழுபது கஜம் பின்னால் ஒரு வயல் கேட்டும் அதன் முன்னால் கொஞ்சம் இடமும் இருந்ததை நானே பார்த்திருந்தேன், அங்கே ப்ரிம்ரோஸ் இருந்ததால்.

செல்வி இஞ்சினை அணைய விட்டாள். மறுபடி போட்டாள். மறுபடி அணைந்தது. "என்னங்க, நீங்க வந்து எடுங்க. எடம் மாறிக்கலாம்."

இந்த இடத்தில் ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். பஸ் டிரைவருக்குப் பின்னால் எடுக்கத் தெரியாது. கிண்டல் இல்லை. ரோட்டில் பஸ்ஸைப் பின்னால் எடுக்கக்கூடாது என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். கராஜுக்குள் எடுப்பதானால் பின்னால் ஒரு ஆள் நின்று கைகாட்ட வேண்டும், அந்தக் கையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். செல்விக்கும் நான் அப்படியே சொல்லிக்கொடுத்திருந்தேன். ஆறு வாரமாக, எங்கள் பக்கத்தில் ஒரு காலி கார் நிறுத்தத்தில், நான் பின்னால் நின்று கை அசைக்க, அவள் பின் கண்ணாடி வழியாக என் கையை மட்டும் பார்த்து அழகாக எடுத்துக்கொண்டிருந்தாள். டெஸ்ட்டில் பின்னால் நின்று கைகாட்ட யார் வருவார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

எனவே அன்றும் நான் இறங்கினேன். "நீ பயப்படாத, என் கையைப் பாரு" என்று சொல்லிவிட்டுக் காருக்குப் பின்னால் போய் நின்றேன். இரண்டு கையையும் தூக்கி, கராஜில் செய்கிற அத்தனை சைகையும் செய்தேன். சந்து வளைந்ததா, நான் வளைவில் மறைந்துபோனேன். கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தது. நான் ஓரத்தில் ஒதுங்கினேன். ஓரம் என்று நான் நினைத்தது ஓரம் இல்லை. இடுப்பளவு பள்ளம், அதை மூடி பூண்டுச்செடி, அதற்குள் பட்டால் தடிக்கிற செந்தட்டி. உட்கார்ந்த மாதிரியே போய் இறங்கினேன்.

அதற்குள் லேண்ட் ரோவரிலிருந்து ஒரு அம்மா இறங்கி வந்தார். அறுபது வயது இருக்கும், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். பள்ளத்தில் இருந்த என்னைப் பார்த்தார். "அடி பட்டுச்சா?" என்றார். இல்லை என்றேன். "நல்லது, அங்கேயே இருங்க" என்று சொல்லிவிட்டு செல்வியின் ஜன்னலுக்குப் போனார். அவர் இங்கிலீஷில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"செல்லம், அந்த மனுஷனை மறந்துடு. இடப்பக்கக் கண்ணாடியைப் பாரு. மேட்டோரத்துல வெள்ளைப் பூ வரிசையா தெரியுதா?"

"தெரியுது."

"உன் காருக்கும் பூவுக்கும் நடுவுல எவ்வளவு இடம் தெரியுது?"

"ஒரு சாண்" என்றாள் செல்வி. சாணுக்கு இங்கிலீஷ் தெரியாமல் கையை விரித்துக் காட்டினாளாம்.

"அந்த அளவு மாறாம பாத்துக்கோ. பூ கிட்ட வந்தா விலகு, தள்ளிப் போனா சேரு. அவசரமே இல்ல. என் குதிரைக்கு எங்கயும் வேலை இல்ல."

பள்ளத்திலிருந்து எனக்கு காரின் சக்கரம் மட்டும்தான் தெரிந்தது. அது நின்றது. பிறகு மெதுவாக, நடக்கிற வேகத்தில்கூட இல்லை, உருண்டு என்னைக் கடந்து பின்னால் போனது. ஒரு இடத்தில் நின்று யோசித்தது. மறுபடி உருண்டது. கைகாட்ட வேண்டும் என்று என் கை துடித்தது உண்மை. தூக்கினால் செந்தட்டி குத்தும் என்பதால் சும்மா இருந்தேன். செய்வதற்கு எதுவும் இல்லாததால் முன்னால் இருந்ததைப் பார்த்தேன். மூக்குக்கு நேரே ஊதா நிறத்தில் ஒரு பூ, சட்டைப் பொத்தான் அளவு. அதன் நடுவில் பூனை மீசை மாதிரி கோடுகள். வயலட் என்று பிறகு மதி சொன்னாள். அந்த வெள்ளைப் பூவையும் கிட்டத்தில் பார்த்தேன். எண்ணிப் பார்த்தால் பத்து இதழ் போலிருக்கும், ஆனால் ஐந்துதான், ஒவ்வொன்றும் பாதி கிழிந்தது. ஸ்டிச்வர்ட் என்று பெயராம். காரிலிருந்து எவ்வளவு மெதுவாகப் போனாலும் அது தெரியாது. பள்ளத்தில் விழுந்தால் தெரியும்.

எழுபது கஜம் போக ஐந்து நிமிடம் ஆயிற்று. கேட்டுக்கு முன்னால் மைக்ரா ஒழுங்காக ஒதுங்கி நின்றது. லேண்ட் ரோவர் போனது, குதிரை வண்டி போனது, பின்னால் இரண்டு காரும் போயின. இந்தப் பக்கத்தில் நன்றி சொல்ல ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குகிறார்கள். மூன்று விரலையும் செல்வி எண்ணி வைத்திருந்தாள்.

நான் நொண்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது கை இரண்டும் தடித்துப் போயிருந்தன. மதி வேலியோரத்தில் அகல இலை ஒன்றைப் பறித்துத் தேய்த்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களாம். குறைந்ததா என்று கேட்டாள். குறைந்தது என்று சொன்னேன். குறையவில்லை.

செல்வி ஸ்டீயரிங்கை விடவில்லை. "நீங்க பின்னாடி நிக்கறப்போ உங்க கையைத் தவிர ஒண்ணுமே தெரியாது எனக்கு" என்றாள். "கார் எங்க போகுதுன்னே இன்னிக்குத்தான் பாத்தேன்."

ஆறு வாரம் நான் கொடுத்த பயிற்சிக்கு வந்த விமர்சனம் அது. ஒரு மணி நேரத்துக்கு இருபத்திரண்டு பவுண்டு வாங்குகிற டிரைவிங் மாஸ்டர் இருக்கும்போது, காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று பாடத்தைக் குறைத்தவனும் நான்தான்.

பதினொன்றரைக்கு டாய்ஸ் ஹில் பக்கத்துக் காட்டோரக் கார் நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஐந்து நிமிடம் நடந்தால் மரங்களுக்கு அடியில் நீலம். தரை தெரியாத நீலம். ப்ளூபெல்லைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் எழுதுவதற்கு மிச்சம் இல்லை. பாதையை விட்டு இறங்காதீர்கள், மிதித்தால் அடுத்த வருடம் அங்கே வராதாம். எலுமிச்சை சாதத்தைக் காரில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சாப்பிட்டதும் செல்வி அந்த நிறுத்தத்தின் காலியான மூலையில் காரைப் பின்னால் எடுத்தாள். மறுபடி எடுத்தாள். பதினான்கு முறை. நான் இறங்கக் கூடாது, கழுத்தைத் திருப்பக்கூடக் கூடாது என்று உத்தரவு. இடப்பக்க ஜன்னலில் ஒரே டேண்டலியன் பூவைப் பதினான்கு முறை பார்த்தேன்.

திரும்பும் வழியில் க்ரோக்கம் ஹில்லுக்கு அப்புறம் ஒரு சின்னக் கடையில் டீ, ஒன்றுக்கு ஒரு பவுண்டு இருபது பென்ஸ். வீட்டுக்கு வர மாலை நாலு பத்து. மொத்தம் ஐம்பத்தாறு மைல், பெட்ரோல் ஏழு பவுண்டுக்குள். மதியின் தாளில் பதினைந்தில் பதினொன்று டிக். கவ்ஸ்லிப் கிடைக்கவில்லை.

டெஸ்ட் அன்று எனக்குக் காலை ஷிப்ட். பஸ்ஸில் இருக்கும்போது போனைத் தொடக்கூடாது. பத்து இருபதுக்கு டெஸ்ட் முடிந்திருக்கும் என்று தெரியும். கடைசி நிறுத்தத்துக்குப் போக இன்னும் முப்பத்தைந்து நிமிடம். அந்த முப்பத்தைந்து நிமிடத்தில் எத்தனை பேர் ஏறினார்கள் இறங்கினார்கள் என்று கேட்காதீர்கள். வண்டியை நிறுத்திவிட்டு போனைத் திறந்தால் ஒரு மெசேஜ்: வரும்போது பால் வாங்கிட்டு வாங்க.

அதை எப்படிப் படிப்பது என்று தெரியவில்லை. கூப்பிட்டேன்.

"என்ன ஆச்சு?"

"பால் தீந்து போச்சு."

"செல்வி, டெஸ்ட்டு."

"அதுவா, பாஸு." அப்புறம், "ரிவர்ஸ் ரொம்ப மெதுவா எடுத்தேன்னு ஒரு சின்னத் தப்பு போட்டிருக்கான். போடட்டும்" என்றாள்.

அங்கே பூ இல்லையே, எதைப் பார்த்து எடுத்தாய் என்று கேட்டேன். "ரோட்டோரத்துல கல்லு இருந்துச்சு. பூவா இருந்தா என்ன, கல்லா இருந்தா என்ன, நடுவுல ஒரு சாண் தானே வேணும்."

போக நினைக்கிறவர்களுக்கு நான் அனுபவத்தில் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஏப்ரல் கடைசி இரண்டு வாரமும் மே முதல் வாரமும் நல்ல நேரம். காலை பத்துக்குள் லிம்ப்ஸ்ஃபீல்டைத் தாண்டிவிடுங்கள், அப்புறம் சைக்கிள்காரர்களும் குதிரைக்காரர்களும் வந்துவிடுவார்கள். பூவை நன்றாகப் பார்க்க வேண்டியவர் இடப்பக்கம் உட்காரட்டும், ஆனால் எல் போர்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் அந்த ஆளாக இருக்கக்கூடாது. நடுச்சந்தில் அவர் இறங்கவும் கூடாது. சட்டப்படியும் தப்பு என்று பிறகு தெரிந்துகொண்டேன். சந்தில் போகும்போது கடைசியாகப் பார்த்த ஒதுங்குமிடம் எவ்வளவு பின்னால் என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். வயல் கேட்டை மறித்து நிறுத்தாதீர்கள். கால்சட்டை நீளமாக இருக்கட்டும். பறிக்காதீர்கள். மற்றபடி பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, நான் தெரியாமல்தான் போனேன். எதிரே வண்டி வராத சாலையாகத் தேடாதீர்கள். வந்தால் பின்னால் போகலாம், உலகம் முடிந்துவிடாது. இதை நாற்பத்திநான்கு வயதில் கற்றுக்கொண்டவன் சொல்கிறேன்.

செல்வி புது வேலைக்குப் போக ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிறது. முதல் வீடு சிப்ஸ்டட் பக்கம், காலை ஏழரைக்கு அங்கே இருக்க வேண்டும். முதல் நாள் எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் கார் நெருக்கி நின்றது. எங்கள் மைக்ரா ஒரு வேனுக்கும் ஒரு குப்பைத் தொட்டிக்கும் நடுவில். பின்னால் எடுக்காமல் வெளியே வர முடியாது. ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, கைகாட்ட வேண்டாம், சும்மா பக்கத்திலாவது நிற்கலாம் என்று செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு இரண்டு மாடி இறங்கிப் போனேன். நான் வாசல் கதவைத் திறந்தபோது வேனுக்கும் தொட்டிக்கும் நடுவில் ராத்திரி மழையில் ஈரம் படாத தரை மட்டும் நீள்சதுரமாக இருந்தது. கார் தெருமுனையில் இடப்பக்க விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நின்றது.